தொரசானியின் நெற்றி

பேசத் தொடங்குவதற்கு முன்னால், மாஜிஸ்திரேட் அவர்களே, உங்கள் தலைக்குப் பின்னால் தொங்கும் காலண்டரை யாராவது நேராக மாட்டினால் நல்லது. இடப்பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. நேற்று வந்தபோதே கவனித்தேன். யோசித்துப் பார்க்க ஒரு நாள் கொடுத்து அனுப்பினீர்கள். அந்த ஒரு நாளில் இங்கே ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. எனக்கு ஆச்சரியம் இல்லை. கோயமுத்தூரில் கண் என்பது பெரும்பாலும் தூங்கும்போது மூடிக்கொள்ளத்தான் பயன்படுகிறது.

நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கொடுத்தால் அது எனக்கு எதிராகவே பயன்படும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். புரிந்தது. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. இன்னும் சொல்லப்போனால் என்னை யாரும் தேடவே இல்லை. போன நவம்பரில் கருப்பாத்தாள் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து செத்தாள் என்று போலீஸ் நம்பியது, ஊர் நம்பியது, அவள் மகளும் நம்பினாள். நானாகத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் என்னை உட்காரவைத்து, வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டார். அவரையும் மன்னித்துவிட்டேன்.

என் பெயர் சுரேந்தர். வயது முப்பத்தெட்டு. பெருந்துறைப் பக்கம் சொந்த ஊர். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பது தொழில். வடக்கே இரண்டு வருடமும் லண்டனில் ஒரு வருடமும் இதற்காகப் படித்தேன். கொங்கு நாட்டில் இந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதன் அருமை தெரிந்த ஊர் என்பதால், கல்யாண போட்டோவுக்கு லேமினேஷன் போட்டுத் தருவீர்களா என்று வாரத்துக்கு இரண்டு பேர் கேட்டு வருவார்கள்.

குமாரசாமி என் தாய்மாமன். ஸ்பின்னிங் மில் வைத்திருக்கிறார். ரேஸ்கோர்ஸ் பக்கம் பங்களா. அதன் ஹாலில் ஒரு சுவரில் காட்டெருமைத் தலை இருக்கிறது; எதிர்ச் சுவரில், பத்தடி உயரத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே, ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டில் ஹாலந்தில் வரைந்த ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. முப்பத்தொன்றாம் வருடம் குன்னூரில் ஒரு தோட்டத்துரை ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை ஏலம் விட்டார். பில்லியர்ட்ஸ் மேசை எடுக்கப் போன மாமாவின் அப்பா தலையில் இதையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அந்த வருடமே மில் தொடங்கி நன்றாக ஓடியதால், இது ராசியான படமாகிவிட்டது. தொரசானி என்று பெயர் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் பூவும் பொட்டும் வைத்தார்கள். லெய்டன் நகரத்துத் துணி வியாபாரியின் மனைவி ஒருத்தியிடம் அறுபது வருடமாக ஒரு குடும்பம் நூல் விலை ஏற வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தது. நூல் விலை ஏறவும் செய்தது. அதுதான் வேடிக்கை.

வரைந்தவன் பெயர் ஆரெண்ட் ஹூக்ஸ்மா. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்; கேள்விப்பட வேண்டிய அளவுக்குப் பெரிய ஆளும் இல்லை. துணி வியாபாரிகளுக்கும் பீர் காய்ச்சுபவர்களுக்கும் முகம் வரைந்து பிழைத்தவன். வெள்ளைக் கழுத்துப்பட்டியில் எத்தனை மடிப்பு உண்டோ அத்தனையையும் உட்கார்ந்து வரைவான். கை வரைய வராது, அதனால் கைகளைக் கறுப்பு உடைக்குள் ஒளித்துவிடுவான். முகத்தில் மட்டும் ஒரு பிடிவாதம். மரு இருந்தால் மரு, பல் துருத்தினால் பல். கற்பனை இல்லாதவனை நேர்மையானவன் என்று சொல்வது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்தான்.

தொண்ணூற்றாறு ஜூனில், மார்கிரீட் என்ற ஆராய்ச்சியாளர் லெய்டனிலிருந்து எழுதினார். ஹூக்ஸ்மாவின் ஓவியங்களையெல்லாம் தேடிப் பிடித்து ஒரு புத்தகம் போடுகிறார். இருபத்திரண்டு கிடைத்துவிட்டன, இருபத்து மூன்றாவது உங்கள் வீட்டில் இருப்பதாக அறிகிறேன், ஜனவரியில் வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தார், காட்டெருமைக்குப் பாலீஷ் போடச் சொன்னார், கடைசியாக என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, தொரசானி மூஞ்சி கறுத்துப்போய்க் கெடக்குது. கொஞ்சம் தொடச்சு உட்டுப்போடு."

துடைப்பதாம். முந்நூறு வருட ஓவியத்தைத் துடைக்கச் சொன்ன மனிதரின் வீட்டு மாடியில்தான், ஆகஸ்டிலிருந்து ஆறு வாரம் நான் வேலை செய்தேன். படத்தை ஒரு பவானி ஜமுக்காளத்தில் சுற்றி மேலே கொண்டுவந்தார்கள். பழைய வார்னிஷ் மஞ்சளாகிப் பழுப்பாகிப் பாகு மாதிரி இறுகியிருந்தது. பஞ்சுத் திரியைக் கரைப்பானில் நனைத்து விரலகலம் விரலகலமாக எடுத்தேன். அடியிலிருந்து வெள்ளைக் கழுத்துப்பட்டி வந்தது, பிறகு முகவாய், உதடு, சாம்பல் நிறக் கண்கள். நெற்றிக்கு வந்தபோது சிவப்பாக ஒன்று தெரிந்தது. துவரம்பருப்பளவு. இடது புருவத்துக்கு மேல், நெற்றியின் நடுவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி.

வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைக்கும் வீடு. நெற்றியில் சிவப்பு. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? முட்டாள்தனத்தை நான் எதிர்பார்த்தே வந்திருந்தேன். அது எதிர்பார்த்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

குங்குமம் என்றால் எச்சில் தொட்ட பஞ்சுக்கே வந்துவிடும். இது வரவில்லை. ஸ்பிரிட்டுக்கும் வரவில்லை. அசிட்டோனுக்கு லேசாகக் கரைந்தது. பிடிவாதமான குங்குமம் என்று குறிப்பேட்டில் எழுதினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, சுற்றியிருந்த தோல் நிறத்தில் ஓடிய நுண்ணிய விரிசல்கள் அந்தச் சிவப்பின் ஊடாகவும் அறுபடாமல் ஓடின. பல வருடம் ஒரே இடத்தில் அப்பினால் குங்குமமும் காய்ந்து வெடிக்கும் என்று அதையும் எழுதினேன். மூன்றாம் நாள் கத்திமுனையால் எடுத்து முடித்தேன். அடியில் சுத்தமான நெற்றி இருக்கும் என்று நினைத்தேன். கித்தானுக்குப் பூசிய அடிப்பூச்சுதான் இருந்தது. குங்குமம் அவ்வளவு ஆழமாக அரித்திருக்கிறது. சுற்றியிருந்த நிறத்தைக் கலந்து அந்தக் குழியை அடைத்தேன். நெற்றி பளிங்கு மாதிரி ஆனது. ஹூக்ஸ்மாவால் முடியாததை நான் செய்திருந்தேன்.

மாமா பார்த்தார், அத்தை பார்த்தார், மெட்ராஸிலிருந்து வந்த மகள் மோகனப்பிரியா பார்த்தாள். "சூப்பருங்க மாமா" என்றாள் என்னிடம். அந்தப் படத்துக்குக் கீழே பிறந்து வளர்ந்து, அதன் கீழேயே தாலி கட்டிக்கொண்ட பெண். நெற்றியில் ஒன்று இருந்ததோ, இப்போது இல்லையோ, ஒருவருக்கும் தெரியவில்லை.

ஐம்பத்தெட்டிலிருந்து அந்த வீட்டில் வேலை செய்தவள் கருப்பாத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஏணி ஏறிப் பூ வைப்பது அவள்தான். அறுபத்தைந்து வயதிருக்கும். எனக்கு மாடிக்குக் காபி கொண்டுவந்தவள், டம்ளரை வைக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க தம்பி, தொரசானி நெத்தியில ஒரு வடு இருக்குமுங்களே, எங்கீங்க?"

"அது வடு இல்ல. நீ வெச்ச பொட்டு. எடுத்துட்டேன்."

"நா படத்துல வெக்கிறதில்லீங்க. சட்டத்துலதானுங்க வெப்பேன். படத்துல வெச்சா வண்ணம் கெட்டுப்போயிருமுங்களே."

"அப்ப நெத்தியில இருந்தத யார் வெச்சா?"

"வரைஞ்சவருதானுங்க வெச்சிருப்பாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நா வெச்சா நடுவுல வெக்கமாட்டனுங்களா? அது ஓரமால்லீங்க இருந்துச்சு."

காபி ஆறிவிட்டது, வேறு கொண்டுவா என்றேன்.

அக்டோபர் கடைசியில் மார்கிரீட்டிடமிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. கடிதப் போக்குவரத்தெல்லாம் என் பெயரில்தான் நடந்தது; எஸ்.டி.டி. பூத்தில் நானே போய் வாங்கினேன். லெய்டன் ஆவணக் காப்பகத்தில் ஹூக்ஸ்மா எழுதிய கடிதம் ஒன்று கிடைத்துவிட்டதாம். அவனுடையது என்று கிடைத்த ஒரே கடிதம். துணி வியாபாரி கேட்டிருக்கிறான்: என் மனைவிக்குச் சின்ன வயதில் அடுப்புத் தணல் தெறித்து நெற்றியில் விழுந்த தழும்பை விட்டுவிட்டு வரையக்கூடாதா? அதற்கு ஹூக்ஸ்மா பதில் எழுதியிருக்கிறான்: 'உங்கள் மனைவியை வரையச் சொன்னீர்கள். தழும்பில்லாத பெண்தான் வேண்டுமென்றால் வேறொருத்தியைக் கூட்டிவாருங்கள்.' இடது புருவத்துக்கு மேல் அந்தத் தழும்பு இருக்கிறதா, அதைப் பார்க்கத்தான் முக்கியமாக வருகிறேன் என்று மார்கிரீட் அடியில் எழுதியிருந்தார்.

பூத்துக்கு வெளியே நின்று மூன்று தடவை படித்தேன். நடந்தது என்ன என்று எனக்கு உடனே விளங்கியது. ஹூக்ஸ்மா தழும்பை வரைந்திருக்கிறான், சரி. அதன்மேல் கருப்பாத்தாள் பொட்டு வைத்திருக்கிறாள். வைத்து வைத்துத் தழும்பை அரித்துவிட்டாள். நான் எடுத்தது பொட்டைத்தான். தழும்பு எனக்கு முன்பே போய்விட்டது. இதைத் தவிர வேறு எப்படியும் இருக்க வழியில்லை. ஏனென்றால் வேறு எப்படி இருந்தாலும் தவறு என்னுடையதாகிவிடும்.

ஆனால் புதிதாக ஒருவருக்கு இதை விளக்குவது கஷ்டம். அதனால், வார்னிஷ் காய மாடியிலேயே வைத்திருந்த படத்தில் தழும்பைத் திரும்ப வரைந்தேன். நான்கு நாள் ஆனது. நல்ல வேலை. ஹூக்ஸ்மாவே பார்த்தாலும் தன்னுடையது என்றிருப்பான். படத்தைப் பழைய இடத்தில் மாட்டினோம். வழக்கம்போல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏணி ஏறி இறங்கிய கருப்பாத்தாள், நேராக என்னிடம் வந்தாள்.

"மறுபடியும் வந்திருக்குதுங்க. ஆனா இது அது இல்லீங்க தம்பி."

ஏணியை எடுத்து ஓரமாக வை என்றேன்.

"அது தூரத்துல இருந்து பாத்தா செவப்புங்க. கிட்டப் போனா உள்ளுக்குள்ள ஊதா ஓடுமுங்க. சுட்ட புண்ணு ஆறுனாப்புல. இந்தா, எங்கையில இருக்குது பாருங்க." முழங்கைக்குக் கீழே, அடுப்பில் சுட்டுக்கொண்ட பழைய தழும்பை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். ஊதாவாகத்தான் இருந்தது. "அந்த அம்மா வந்தாச் சொல்லிப்போடலாமுங்க தம்பி. தெரியாம எடுத்துப்போட்டோம்னு சொன்னா அவிய என்ன அடிக்கவா போறாங்க?"

தெரியாமல். என் முகத்துக்கு நேராக அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. லண்டனில் என் ஆசிரியர்கள் சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, எனக்கு ஆறுதலாகச் சொல்கிறாள். அவள் திட்டியிருந்தால் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் என்மேல் இரக்கப்பட்டாள்.

மார்கிரீட் வந்தால் அவள் சொல்லிவிடுவாள் என்பது நிச்சயம். மிரட்டியோ கெஞ்சியோ நிறுத்தக்கூடிய ஆள் இல்லை. மனதில் எதுவும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஆகவே அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி வாக்கில், வழக்கமாக ஏணி பிடிக்கும் வாட்ச்மேன் சுப்பையனை எஸ்.டி.டி. பூத்துக்கு அனுப்பினேன். மாமா மில்லுக்குப் போயிருந்தார். அத்தை பூஜை அறையில் இருந்தார். நான் பிடிக்கிறேன், ஏறு என்றேன். "உங்குளுக்கு எதுக்குங்க தம்பி சிரமம்" என்றபடியே ஏறினாள்.

அவள் வேலையை முடிக்கும்வரை காத்திருந்தேன். நான் அநாகரிகமானவன் இல்லை. முதலில் பூவைச் சாத்தினாள். பிறகு சட்டத்தின் மேல்கட்டையில் ஒன்று, இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொன்று என மூன்று பொட்டு வைத்தாள். மூன்றும் நூல் பிடித்த மாதிரி நடுவில் இருந்தன. ஒவ்வொரு தடவையும் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். படத்தின்மேல் படாமல் கையை ஒதுக்கிக்கொண்டாள். நான் கீழே நின்று பார்க்கிறேன் என்பதால் அன்று அப்படிச் செய்திருப்பாள்.

பிறகு கையை எடுத்தேன். எடுத்தது மட்டும் போதவில்லை. ஏணியின் காலை என் காலால் தள்ளினேன். மொசைக் தரை, சுலபமாக நகர்ந்தது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். அது எல்லோருக்கும் நல்ல அபிப்பிராயத்தைக் கொடுத்தது. மாமா குனிந்து கேட்டபோது அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது: "தம்பி நல்லாத்தானுங்க புடிச்சிருந்தாரு. எங்காலுதான் வழுக்கிப்போச்சு." இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் பார்வை எவ்வளவு நம்பத்தக்கது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தன்னைத் தள்ளிய காலையே பார்க்காதவள், நெற்றியில் ஊதாவைப் பார்த்தாளாம்.

ஜனவரியில் மார்கிரீட் வந்தார். உயரமான, அமைதியான பெண்மணி. மாமா அவருக்கு ராகி களி போட்டார். சாப்பிட்டுவிட்டு, கைப்பையிலிருந்து புற ஊதாக்கதிர் விளக்கை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பத்தே நிமிடம். நெற்றியில் இருப்பது புது வண்ணம், இது யார் செய்தது, ஏன் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். வேலைக்காரக் கிழவி ஒருத்தி பல வருடம் குங்குமம் வைத்து அரித்துவிட்டாள், நான் முடிந்தவரை மீட்டேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அறியாமை, பாவம் என்றார். பாவம்தான் என்று நானும் சொன்னேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். போன மாதம் அவர் புத்தகத்தின் அச்சுப்படியில் எங்கள் படத்துக்கான பக்கங்களை மாமாவுக்கு நேராக அனுப்பிவிட்டார். மாமா அதை ஹாலில் உட்கார்ந்து உரக்கப் படித்து, எல்லோருக்கும் அர்த்தம் சொன்னார். 'கருப்பாத்தாள் என்ற பணிப்பெண்ணின் வழிபாட்டால் ஓவியத்தின் முக்கியப் பகுதி நிரந்தரமாக அழிந்தது.' அம்மாவின் தகரப்பெட்டியை எடுத்துப்போக வந்திருந்த மகள் கயல்விழி, அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணியில் கறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அவளுக்கு. அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள்.

பக்கத்தில் ஒரு போட்டோ அச்சாகியிருந்தது. குன்னூர் ஏலத்துக்காகத் தோட்டத்துரை எடுத்தது, முப்பத்தொன்றாம் வருடம். கறுப்பு வெள்ளைதான். ஆனால் இடது புருவத்துக்கு மேல், ஓரமாக, அது இருந்தது.

கயல்விழி வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, மோகனப்பிரியா கல்யாணத்தில் தொரசானியும் தெரிய எடுத்த கலர் போட்டோவை வெளியே எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டுலயும் ஒரே எடத்துல, ஒரே அளவுல இருக்குதுங்க. பொட்டுன்னா வாரத்துக்கு வாரம் மாறாதுங்களா? எங்கம்மா வெச்சது சட்டத்துல இருக்குது பாருங்க, மூணும் நடுவுல." என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அந்த அம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதி, எங்கம்மா பேர மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

என்னால் முடியாது என்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம் மாப்ளே, கருப்பாத்தா நம்ம ஊட்டுக்கு வந்ததே அம்பத்தெட்டுல. முப்பத்தொண்ணுல அவ எப்படிப் பொட்டு வெப்பா?" கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நானே எழுதிப்போடறேன்" என்றார். வாழ்நாளில் அந்தப் படத்தை முதல் தடவையாக அன்றுதான் நிமிர்ந்து, உற்றுப் பார்த்தார்.

ஒரு பஞ்சாலை முதலாளியும் கறை பார்க்கும் பெண்ணும் சேர்ந்து என் தொழிலைப் பற்றி ஹாலந்துக்குத் தீர்ப்பு எழுதப்போகிறார்கள். அந்தக் கடிதம் அச்சில் வரும். குறிப்பேட்டில் நான் எழுதி வைத்ததை யார் பார்ப்பார்கள்? என் வார்த்தைக்கு எடை வேண்டும். யாரும் சந்தேகப்பட முடியாத எடை. அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போனேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். சாட்சி இல்லாத கொலையை, செத்தவளே என்னைக் காப்பாற்றிவிட்டுப் போன கொலையை, நானாக வந்து ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு பெரிய உண்மையைச் சொல்பவன் ஒரு பொட்டு விஷயத்தில் பொய் சொல்வானா? இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை லெய்டனுக்கு அனுப்ப வேண்டும். முகவரி தருகிறேன். கருப்பாத்தாளைக் கொன்றது நான். திட்டமிட்டு, நல்ல நினைவோடு. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள்; அதில் எனக்கு வாதமே இல்லை.

தட்டச்சு செய்தவர் படித்துக் காட்டியதைக் கேட்டேன். ஏணி சரி. கால் சரி. தேதி சரி. ஒரே ஒரு இடத்தில் திருத்தம். 'இடது புருவத்துக்கு மேல், நடுவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி' என்று அடித்திருக்கிறார். நான்தான் அப்படிச் சொன்னேனாம், இருக்காது. அதை அடித்துவிட்டு, 'நெற்றியின் நடுவே' என்று போடச் சொல்லுங்கள். பிறகு பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.